பேட்டரி காற்றாடி மக்கர் பண்ணினால்: கம்பத்தைச் சாய்க்கும் முன் கீழே பாருங்கள்

உடுமலைப் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) ஒன்பது வருடமாக, காற்றில் சுற்றிக் கரண்ட் எடுத்துப் பேட்டரியை நிரப்பும் ஒரு சின்னக் காற்றாடி ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று இறக்கை, விட்டம் 2 மீட்டர், 24 வோல்ட், சாய்த்து இறக்கக்கூடிய 12 மீட்டர் கம்பம், நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி, ஷெட்டுக்குள் இரண்டு 12 வோல்ட் டியூபுலர் பேட்டரி. ஆரம்பத்தில் எந்தக் கோளாறு வந்தாலும் அது மேலே தான் இருக்கும் என்று நினைத்து, நாலு பேரைக் கூப்பிட்டு, கப்பி போட்டு, கம்பத்தைச் சாய்த்து, அரை நாள் போன பிறகு பார்த்தால் பேட்டரி மேல் பச்சை பூத்த ஒரு லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) தான் காரணமாக இருக்கும். அப்படிப் பல முறை ஆன பிறகு தான், கம்பத்தைத் தொடுவதற்கு முன் கீழே நின்றுகொண்டே எதை எதைப் பார்க்கலாம் என்று எனக்கு ஒரு வரிசை பிடிபட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன், அறிகுறி வாரியாக. உங்கள் மெஷினின் அளவு வேறாக இருக்கலாம், ஆனால் நிலைக்காந்தம் வைத்த மூன்று ஃபேஸ் ஜெனரேட்டரும் லெட் ஆசிட் பேட்டரியும் என்றால் இதே முறை பொருந்தும்.

முதலில் கரண்ட் போகும் வழியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஜெனரேட்டர் ஏசி கொடுக்கிறது, மூன்று ஒயரில் (ஒயருக்கு ஒரு ஃபேஸ்) அது கம்பத்துக்குள் கீழே இறங்குகிறது, அடியில் பிரேக் சுவிட்ச் (மூன்று ஒயரையும் ஒன்றோடொன்று ஷார்ட் செய்வது, அவ்வளவு தான்), அப்புறம் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் (டயோடுகளால் ஏசியை டிசி ஆக்குவது), ஃபியூஸ், பேட்டரி. பேட்டரியில் இருந்து தனியாக ஒரு கன்ட்ரோலர் டம்ப் லோடுக்குப் (பேட்டரி நிறைந்த பிறகு மிச்சக் கரண்டைச் சூடாகக் கரைக்கும் காயில்) போகிறது. எந்த அறிகுறி வந்தாலும் நாம் கேட்கப்போவது ஒரே கேள்வி: அந்த மூன்று ஒயருக்கு மேலேயா, கீழேயா?

கை வைக்கும் முன்

காற்றாடி சுற்றிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைக் கழற்றவே கூடாது. சோலார் பேனலைக் கழற்றினால் அது சும்மா வெயிலில் கிடக்கும், காற்றாடி அப்படி இல்லை. பேட்டரி தான் அதற்குப் பாரம், அதுதான் வோல்டேஜையும் வேகத்தையும் பிடித்து வைத்திருக்கிறது. பாரம் போன அடுத்த நொடியே இறக்கை வேகமெடுக்கும், 24 வோல்ட் மெஷின் 80, 100 வோல்ட் என்று ஏறும். எங்கள் முதல் கன்ட்ரோலர் அப்படித்தான் போனது. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வந்தவர் வசதிக்காக ஒரு டெர்மினலைத் தளர்த்தினார், சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வீசியது. ஆகவே முதலில் பிரேக், இறக்கை நின்ற பிறகு ஃபியூஸ், அதற்கப்புறம் தான் பேட்டரி. திரும்ப மாட்டும்போது இதற்கு நேர் எதிர் வரிசை, பிரேக்கை எடுப்பது கடைசியில்.

பலத்த காற்றில் முழு வேகத்தில் சுற்றும்போது பிரேக்கைப் போடாதீர்கள். சில சமயம் அது நிற்காது, ஷார்ட் ஆன ஜெனரேட்டர் காயிலில் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும், காயில் கருகும். வீச்சு கொஞ்சம் தணியும் இடைவெளிக்குக் காத்திருந்து போடுங்கள். நான் சோதனை வேலைகளை விடிகாலையில் வைத்துக்கொள்வேன், காற்று லேசாக இருக்கும்.

பேட்டரி அறையில் சன்னல் திறந்திருக்கட்டும், பீடி சிகரெட் வேண்டாம். கடைசிக் கட்டத்தில் சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜன் விடும். ஸ்பானரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிவையுங்கள்.

கருவி என்று பார்த்தால் ஒரு மல்டிமீட்டர், ஒரு ஹைட்ரோமீட்டர் (பேட்டரி ஆசிட்டின் அடர்த்தி காட்டுவது), முடிந்தால் டிசி படிக்கும் கிளாம்ப் மீட்டர். வாங்கும்போது டிசி என்று கேட்டு வாங்குங்கள், மலிவான கிளாம்ப் மீட்டர் பலவும் ஏசி மட்டும் தான் காட்டும், பேட்டரி ஒயரில் மாட்டினால் பூஜ்யம் காட்டி உங்களைக் குழப்பும்.

காற்று இருக்கிறது, சார்ஜ் ஆகவில்லை

இதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளும் முன் உண்மையிலேயே காற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்றில் உள்ள சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும், அதாவது வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு. எங்கள் 2 மீட்டர் இறக்கைக்குக் கணக்குப் போட்டால், நொடிக்கு 3 மீட்டர் காற்றில் நடைமுறையில் கிடைப்பது 10, 12 வாட், அதுவும் ஓட ஆரம்பித்திருந்தால். 5 மீட்டரில் 60 வாட் பக்கம், 10 மீட்டரில் 500 வாட். கன்னத்தில் காற்று படுகிறது, இலை சலசலக்கிறது என்றால் அது 3 மீட்டருக்குக் கீழே தான், அதில் எந்தச் சின்னக் காற்றாடியும் சார்ஜ் செய்யாது. இலையும் சின்னக் குச்சிகளும் ஓயாமல் ஆடுகின்றன, கொடியில் காயும் துண்டு நீண்டு நிற்கிறது என்றால் 4, 5 மீட்டர். புழுதியும் காகிதமும் கிளம்பினால் 6, 7. இந்த மூன்றையும் கண்ணால் பிரிக்கப் பழகிவிட்டால் அனிமோமீட்டர் இல்லாமலே சமாளிக்கலாம்.

அப்புறம் பருவம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக எங்கள் பக்கம் வரும் காற்று தென்மேற்குப் பருவக்காற்று தான், வைகாசியில் பிடித்து ஆடியில் உச்சத்துக்குப் போய் புரட்டாசியில் ஓய்ந்துவிடும். கம்பம் கணவாய், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று தமிழ்நாட்டின் மற்ற கணவாய்ப் பக்கங்களிலும் பெரும்பாலும் இதே கதை தான். ஐப்பசியில் ஆம்ப்ஸ் பாதிக்கும் கீழே போய்விட்டது என்று மெஷினைப் பிரிப்பதில் பொருளில்லை.

காற்று உண்டு, இறக்கையும் நன்றாகச் சுற்றுகிறது, அம்மீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறது என்றால் ரெக்டிஃபையரின் டிசி முனைகளில் வோல்டேஜ் பாருங்கள். அங்கே வருவது பேட்டரி வோல்டேஜையே (25 என்று வையுங்கள்) ஒட்டி இருந்தால் வழி இணைந்துதான் இருக்கிறது, ஜெனரேட்டர் தான் அந்த வோல்டேஜைத் தாண்ட மாட்டேன் என்கிறது. ஒன்று வேகம் போதவில்லை, அல்லது மேலிருந்து இரண்டு ஃபேஸோ மூன்றுமோ வரவில்லை. பேட்டரி 25இல் இருக்க, ரெக்டிஃபையரில் 50, 60 என்று ஏறி இறங்கினால், இரண்டுக்கும் நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது. இது அவசரம், ஏனென்றால் காற்றாடி பாரமே இல்லாமல் ஓடுகிறது. காற்று தணியும் நேரம் பார்த்துப் பிரேக் போட்டுவிட்டுத் தேடுங்கள்.

தேடும் வரிசை: ஃபியூஸ், ஃபியூஸ் ஹோல்டர், லக், டெர்மினல். ஃபியூஸை வெறும் கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்யாமல் கழற்றி மீட்டரில் பாருங்கள். ஹோல்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறி இருந்தால் அங்கே நெடுநாளாகச் சூடு ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அதை மாற்றியே ஆக வேண்டும், ஃபியூஸை மட்டும் மாற்றினால் மறுபடியும் அதுதான் போகும். லக் விஷயத்தில் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே கிரிம்ப் செய்த (நசுக்கிப் பிடித்த) இடத்தில் செம்பு பச்சையாகி இருக்கும். இதைப் பிரிக்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சார்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை ஒயரின் செம்பிலும், மறு முனையை அந்த ஒயர் சேரும் பேட்டரி டெர்மினலின் ஈயத்திலும் குத்துங்கள். நல்ல இணைப்பு என்றால் கிட்டத்தட்ட பூஜ்யம். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் அந்த இணைப்பு மோசம், வெட்டிப் புது லக் போடுங்கள், மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். ஒவ்வொரு இணைப்பாக இப்படிக் குத்திக்கொண்டே போகலாம், பத்து நிமிட வேலை. நான் இந்தச் சோதனையைக் கற்றுக்கொண்ட பிறகு தான் தேவையில்லாமல் கம்பம் சாய்ப்பது நின்றது.

ஷெட்டுக்குள் எல்லாம் சரி என்றால் மூன்று ஒயருக்கு வாருங்கள். காற்று லேசாக இருக்கும் நேரம், பிரேக் போட்டு, ரெக்டிஃபையரில் இருந்து மூன்றையும் கழற்றுங்கள், பிறகு பிரேக்கை எடுத்துவிட்டு மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒன்று-இரண்டு, இரண்டு-மூன்று, மூன்று-ஒன்று என்று பாருங்கள். காற்று மாறிக்கொண்டே இருப்பதால் எண் ஆடும், ஆனால் மூன்று ஜோடியும் சுமாராக ஒன்றுபோல் வர வேண்டும். ஒரு ஜோடி மட்டும் நன்றாக வந்து மற்ற இரண்டும் ஒன்றுமில்லை என்றால், அந்த நல்ல ஜோடியில் சேராத ஒயர் தான் எங்கோ அறுந்தது. இந்த நேரத்தில் ஒயர் முனையைக் கையால் தொடாதீர்கள், திடீர் வீச்சில் அதில் வரும் வோல்டேஜ் அடிக்கும்.

இந்த இடத்தில் பலர் மீட்டரை ஓம்ஸில் வைத்துக் காயிலை அளக்கப் பார்ப்பார்கள். இந்த மாதிரிக் காயிலின் தடை ஒரு ஓமுக்கும் கீழே, உங்கள் மீட்டர் ஒயரின் தடையே 0.2, 0.3 ஓம் இருக்கும். அதில் வரும் எண்ணை வைத்து ஒரு காயில் பாதி ஷார்ட்டா இல்லையா என்று முடிவு செய்ய முடியாது. ஏசி வோல்டேஜை ஒப்பிடுவது எவ்வளவோ மேல்.

கம்பம் ஏற்கனவே கீழே இருந்தால் இன்னும் சுலபம். கையால் நொடிக்கு ஒரு சுற்று என்று சுற்றுங்கள், அது 60 ஆர்பிஎம். எங்கள் மெஷின் 24 வோல்ட்டை எட்ட சுமார் 200 ஆர்பிஎம் வேண்டும், ஆகவே 60இல் ரெக்டிஃபையருக்குப் பின்னால் 7 வோல்ட் பக்கம் வர வேண்டும். உங்கள் மெஷின் புதிதாக இருக்கும்போதே இந்த எண்ணைப் பார்த்து ஷெட் சுவரில் எழுதிவையுங்கள். பிற்காலத்தில் காந்தம் தளர்ந்திருக்கிறதா என்று சந்தேகம் வரும்போது அந்த ஒரு எண் தான் உதவும்.

நல்ல காற்றிலும் சுற்றவில்லை, அல்லது சோம்பலாகச் சுற்றுகிறது

முதலில் பிரேக் சுவிட்சைப் பாருங்கள், யாராவது போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அது இல்லை என்றால் மேலே சொன்ன மாதிரி மூன்று ஒயரையும் கழற்றித் தனித்தனியாக விடுங்கள். உடனே இறக்கை துள்ளிக் கிளம்பினால் கோளாறு கீழே, அதுவும் பெரும்பாலும் ரெக்டிஃபையரில். ஒரே ஒரு டயோடு ஷார்ட் ஆனாலும் போதும், அந்த ஃபேஸ் வழியாகக் கரண்ட் உள்ளுக்குள்ளேயே சுற்றி பிரேக் மாதிரி பிடிக்கும், இறக்கை விக்கி விக்கிச் சுற்றும், உறுமல் கேட்கும்.

டயோடு சோதனைக்கு ரெக்டிஃபையரின் ஏசி, டிசி இரண்டு பக்கமும் கழன்றிருக்க வேண்டும். மீட்டரை டயோடு குறியில் வைத்து, சிவப்பை ஒரு ஏசி காலிலும் கறுப்பைப் ப்ளஸ்ஸிலும் வைத்தால் 0.5 பக்கம் வர வேண்டும், மாற்றிப் பிடித்தால் ஒன்றும் வரக்கூடாது. அடுத்து சிவப்பை மைனஸிலும் கறுப்பை ஏசி காலிலும் வைத்தால் 0.5, மாற்றினால் ஒன்றும் இல்லை. மூன்று காலுக்கும் இப்படி. மொத்தம் ஆறு டயோடு, பன்னிரண்டு அளவு. எங்காவது இரண்டு பக்கமும் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் அது ஷார்ட், இரண்டு பக்கமும் ஒன்றுமே வராவிட்டால் அது அறுந்தது. பிரிட்ஜை மாற்றும்போது ஆம்ப்ஸ் தாராளமாக எடுங்கள், 20 ஆம்ப்ஸ் மெஷினுக்கு 100 ஆம்ப்ஸ் மாடல் போட்டாலும் தப்பில்லை. அதைவிட முக்கியம் அலுமினிய ஹீட் சிங்க்கில் சூடு கடத்தும் பேஸ்ட் தடவி இறுக்குவது, ஏனென்றால் 20 ஆம்ப்ஸ் போகும்போது அந்தச் சின்ன டப்பா 30 வாட்டுக்கு மேல் சூடாக்குகிறது. பலகை மேல் வெறுமனே ஸ்க்ரூ போட்டு வைத்த ரெக்டிஃபையர் முதல் ஆடியிலேயே போய்விடும்.

மூன்று ஒயரைப் பிரித்த பிறகும் சோம்பல் போகவில்லை என்றால் இப்போது தான் மேலே சந்தேகப்பட வேண்டும். கம்பத்துக்குள் ஒயர் உரசி ஷார்ட் ஆகியிருக்கலாம், கம்பத்தின் மேல் விளிம்பில் ரப்பர் வளையம் போடாமல் விட்டால் இது நிச்சயம் நடக்கும். காயிலே ஷார்ட் ஆகியிருக்கலாம், பேரிங் இறுகியிருக்கலாம். கம்பத்தைச் சாய்த்ததும் மேலே இருக்கும் கனெக்டரைக் கழற்றிவிட்டு இறக்கையைச் சுற்றிப் பாருங்கள், இப்போது துள்ளினால் ஒயர். இல்லை என்றால் முதலில் மிக மெதுவாக, பிறகு வேகமாகச் சுற்றுங்கள். மெதுவாகச் சுற்றும்போது லேசாக இருந்து வேகம் கூடக் கூடக் கனத்தால் அது மின்சார ஷார்ட், காயில். மெதுவாகச் சுற்றினாலும் அதே கனம், மணல் அரைக்கிற மாதிரி ஒரு நறநறப்பு என்றால் பேரிங். இரும்புக் கோர் வைத்த ஜெனரேட்டர் என்றால் விட்டு விட்டுப் பிடிக்கிற ஒரு தட்டல் புதிதிலேயே இருக்கும், அதைக் கோளாறு என்று எண்ணிப் பிரிக்காதீர்கள்.

இன்னொன்று, காற்றாடி காற்றைப் பார்த்து நிற்கிறதா? கம்பத்தின் உச்சியில் திரும்பும் பேரிங் துருவேறி இறுகினால், காற்று மேற்கே இருந்து வரும்போது அது தெற்கே பார்த்து நிற்கும். கம்பம் நட்டுக்குத்தாக இல்லாவிட்டாலும் இதே பிரச்சினை, லேசான காற்றில் கனமான பக்கம் சரிந்து நின்றுவிடும். தூக்குக் குண்டு பிடித்துப் பார்த்து ஸ்டே கம்பியின் டர்ன்பக்கிளை (கம்பியை இறுக்கும் திருகு) சரிசெய்யுங்கள்.

உறுமல், அதிர்வு

சத்தம் மின்சாரமா, இறக்கையா என்று முதலில் பிரிக்க வேண்டும். லேசான காற்றில் மூன்று ஒயரையும் விடுவித்தவுடன் உறுமல் நின்றுவிட்டால் அது மின்சாரம். டயோடு ஒன்று போயிருக்கும், அல்லது மூன்றில் ஒரு ஃபேஸ் வரவில்லை, மீதி இரண்டில் மட்டும் இழுத்தால் மெஷின் குலுங்கும். ஓடும்போது ஏசி கிளாம்ப் மீட்டரை மூன்று ஒயரிலும் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தால் எது காலி என்று தெரிந்துவிடும், ஏசி மட்டும் படிக்கும் மலிவு மீட்டர் இந்த வேலைக்குப் போதும்.

ஸ்லிப் ரிங் (தலை எப்படித் திரும்பினாலும் பிரஷ் வழியாகக் கரண்டைக் கீழே இறக்கும் வளையம்) இல்லாமல் ஒயரை நேராகக் கம்பத்துக்குள் தொங்கவிட்ட மெஷின்களில் ஃபேஸ் அறுவதற்கு முதல் காரணம் முறுக்கு. காற்று சுழலும்போது தலை ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி ஒயர் கயிறு மாதிரி முறுகும். கம்பத்தின் அடியில் ஒரு பிளக் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிரேக் போட்டுக் கழற்றி முறுக்கை எடுத்துவிட்டால் போதும். பிளக்கைக் கழற்றினால் கீழே இருக்கும் பிரேக்கும் விட்டுப்போகும் என்பதால், காற்றே இல்லாத நாளில் மட்டும், மெஷின் பக்கத்து மூன்று முனையையும் ஒரு துண்டு ஒயரால் ஷார்ட் செய்துகொண்டு செய்யுங்கள். ஸ்லிப் ரிங் வைத்த மெஷின் என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்து பொடி படிந்திருக்கும்.

ஒயரை விடுவித்தும் அதிர்வு அப்படியே இருந்தால் இறக்கை. ஸ்டே கம்பியில் கை வைத்தால் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை இழுப்பு தெரியும். கம்பத்தைச் சாய்த்த பிறகு மூன்று நுனிகளுக்கு இடையில் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து பாருங்கள், மூன்றும் அரை சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். அடுத்து ஒவ்வொரு நுனியையும் கம்பத்துக்கு நேராகக் கொண்டுவந்து இடைவெளியை அளந்தால் எந்த இறக்கை முன்னே பின்னே வளைந்திருக்கிறது என்று தெரியும். எடைச் சமநிலைக்கு இறக்கைத் தொகுப்பைக் கழற்றி, காற்றில்லாத அறைக்குள், நடு மையத்தில் ஒரு முனை மேல் கிடையாக வைத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து எதிர்ப் பக்கத்தில் ஈயத் துண்டு சேர்க்க வேண்டும். மர இறக்கை என்றால் பெயின்ட் உரிந்த இடம் வழியாக மழைத் தண்ணீர் குடித்து ஒன்று மட்டும் கனத்திருக்கும், ஈயம் சேர்க்கும் முன் நிழலில் நன்றாகக் காயவையுங்கள். வேர்ப்பகுதியில் மயிரிழை அளவு விரிசல் தெரிந்தாலும் அந்த இறக்கையைத் திரும்ப மாட்டாதீர்கள். ஃபெவிகால், எம்-சீல் வைத்து ஒட்டி ஏற்றுவதை நான் பார்த்திருக்கிறேன், அது கீழே நடமாடுகிறவர்களின் உயிரோடு விளையாடுவது.

சார்ஜ் ஆகிறது, ஆனால் பேட்டரி நிற்கவில்லை

அம்மீட்டர் காட்டுகிறது, இரவு ஒன்பது மணிக்கே இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்துகிறது. இங்கே வோல்டேஜை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். சார்ஜும் ஆகாமல் லோடும் இல்லாமல் இரண்டு, மூன்று மணி நேரம் விட்டுப் பார்த்தால் தான் அது உண்மை சொல்லும். அப்போது 25.4 என்றால் நிறைவு, 24.4 என்றால் பாதி, 23.6 என்றால் காலி.

பிறகு ஹைட்ரோமீட்டர். பன்னிரண்டு செல்லையும் எடுத்து எழுதுங்கள். முழு சார்ஜில் எவ்வளவு வர வேண்டும் என்று பேட்டரி மேல் ஒட்டிய தாளிலேயே இருக்கும், அதோடு ஒப்பிடுங்கள். எல்லா செல்லும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால் பேட்டரி நல்லது, தீனி போதவில்லை. பதினொன்று 1220 இருக்க ஒன்று மட்டும் 1150 என்றால் அந்த செல் படுத்துவிட்டது, அது மொத்தத்தையும் இழுத்துக் கீழே கொண்டுவரும்.

காற்றாடியில் சார்ஜ் ஆகும் பேட்டரிக்கு என்று ஒரு நோய் உண்டு. காற்றில்லாத மாதங்களில் வாரக்கணக்கில் பாதி சார்ஜிலேயே கிடப்பதால் தட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அதன் அடையாளம், கொஞ்சம் ஆம்ப்ஸ் போனதுமே வோல்டேஜ் சட்டென்று 28க்கு மேல் ஏறும், டம்ப் லோடு சூடாகும், லோடு போட்டால் அதே வேகத்தில் இறங்கும். ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால், குறைந்த ஆம்ப்ஸில் ஒரு நாள் முழுக்க மெயின்ஸ் சார்ஜரில் வைத்து ஓரளவு மீட்கலாம். முற்றிவிட்டால் மாற்றுவது தான் வழி. இதனால் தான் ஐப்பசி முதல் மாசி வரைக்கும் ஒரு சோலார் பேனல் துணைக்கு இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன். காற்றாடியை மட்டும் நம்பிப் பேட்டரி வாங்கினால் மூன்று வருடத்தில் மறுபடி வாங்க வேண்டிவரும்.

கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். சராசரி 60 வாட் என்றால் ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு, அதில் பேட்டரிக்குள் போய் வருவதில் ஐந்தில் ஒரு பங்காவது கரையும். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட், 12 மணி நேரம் ஓடினால் அதுவே 0.9 யூனிட்.

பேட்டரி கொதிக்கிறது, தண்ணீர் சீக்கிரம் குறைகிறது

ஆடியில் வரும் பிரச்சினை. நிறைந்த பேட்டரிக்குள் மெஷின் இன்னும் தள்ளிக்கொண்டே இருக்கிறது, டம்ப் லோடு வேலை செய்யவில்லை. பேட்டரி 28.8ஐ எட்டியதும் டம்ப் காயில் சூடாகிறதா என்று பாருங்கள். ஆகவில்லை என்றால் அதன் ஃபியூஸ், ரிலே முனை, காயில் என்ற வரிசை.

காயில் விஷயத்தில் ஒரு தப்பு நிறையப் பேரிடம் பார்க்கிறேன். வீட்டில் கிடந்த 1000 வாட் வாட்டர் ஹீட்டர் காயிலை மாட்டிவிட்டு 1000 வாட் டம்ப் இருக்கிறது என்று நினைப்பது. அது 230 வோல்ட்டில் தான் 1000 வாட், அதன் தடை 53 ஓம். 28.8 வோல்ட்டில் அது தின்பது வெறும் 16 வாட். 24 வோல்ட் பேட்டரியில் 500 வாட் கரைக்க 1.66 ஓம் தான் இருக்க வேண்டும், பாதுகாப்புக்கு இன்னும் குறைவாக, 1.2 ஓம் பக்கம் வைத்தால் 690 வாட் இழுக்கும். டம்ப் லோடு எப்போதும் மெஷினின் உச்சத்தைவிடப் பெரியதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது தப்பு, சோலார் கன்ட்ரோலரைக் காற்றாடிக்குப் போடுவது. பேட்டரி நிறைந்ததும் அது வரும் வழியைத் துண்டிக்கும். பேனலுக்கு அது சரி, காற்றாடிக்கு அது முதலிலேயே சொன்ன பாரம் போகும் நிலைமை. காற்றாடிக்கு வேண்டியது வழியைத் துண்டிக்காமல், மிச்சத்தை வேறு பக்கம் திருப்பிவிடும் கன்ட்ரோலர்.

அறை வெயிலில் தகித்தால் 28.8 என்பதே அதிகம். 40 டிகிரியில் அதை 28.1 அளவுக்கு இறக்கிவையுங்கள், தண்ணீர் செலவு கண்கூடாகக் குறையும்.

பலத்த காற்றில் தலை திரும்பவில்லை, அல்லது சீக்கிரமே திரும்பிவிடுகிறது

வால் மடங்கித் தலை ஒதுங்கும் அமைப்பு உள்ள மெஷின்களுக்கு. இறக்கையின் மையம் கம்பத்தின் அச்சில் இருந்து கொஞ்சம் தள்ளி இருப்பதால் காற்று அதை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது, வாலின் எடை அதை நேராகப் பிடிக்கிறது. காற்று மிஞ்சும்போது வால் சாய்வான கீலில் மேலே ஏறும், தலை விலகும். கீல் துருப்பிடித்தால் வால் ஏறாது, மெஷின் முழுக் காற்றையும் வாங்கி ஓடும், ஆம்ப்ஸ் மீட்டர் அளவு தாண்டும், வார்னிஷ் கருகும் வாடை வரும். அந்த வாடை வந்தால் காற்று தணிந்ததும் பிரேக் போட்டுவிட்டு, கம்பத்தை இறக்கிக் காயிலின் நிறத்தைப் பார்க்காமல் திரும்ப ஓட்டாதீர்கள். வைகாசி பிறக்கும் முன் கீலுக்குக் கிரீஸ் வைப்பது எங்கள் வீட்டில் வருட வேலை. மாறாக நடுத்தரக் காற்றிலேயே தலை விலகி ஆம்ப்ஸ் ஏற மறுத்தால் வால் எடை போதவில்லை, பலகை உடைந்து விழுந்திருக்கும். எடையை நூறு, இருநூறு கிராமாகத்தான் கூட்ட வேண்டும்.

இடி விழுந்த பிறகு

சித்திரைக் கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இது நடக்கும். நேராக விழ வேண்டும் என்றில்லை, பக்கத்தில் விழுந்தாலே ரெக்டிஃபையரும் கன்ட்ரோலரும் போகும். மேலே சொன்ன டயோடு சோதனையை முதலில் செய்யுங்கள், பிறகு மூன்று ஒயரில் எதற்காவது கம்பத்தோடு தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள், இருக்கக் கூடாது. கம்பத்துக்கும் நான்கு ஸ்டே கம்பிக்கும் எர்த் ராடு இல்லாவிட்டால் இந்த வாரமே அடித்துவிடுங்கள்.

ஒரு கோளாறும் இல்லை, வருடா வருடம் குறைகிறது

ஒயரைக் கணக்கில் எடுங்கள். 40 மீட்டர் தூரம், 6 ஸ்கொயர் எம்எம் செம்பு, 20 ஆம்ப்ஸ் என்றால் போக வர 80 மீட்டரில் 4.6 வோல்ட் விழும், 90 வாட்டுக்கு மேல் ஒயரிலேயே சூடாகப் போகும். 16 ஸ்கொயர் போட்டால் அது 35 வாட் பக்கம் இறங்கும். புதிதாகப் போடுகிறவர்கள் 48 வோல்ட்டுக்கே போய்விடுங்கள், அதே 6 ஸ்கொயரில் இழப்பு கால் பங்கு தான். இறக்கையின் முன் விளிம்பைத் தடவிப் பாருங்கள், எங்கள் பக்கப் புழுதி அதை உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக்கிவிடும். தேய்த்துப் பெயின்ட் அடித்தால் வித்தியாசம் தெரியும்.

கடைசியாக மரம். கம்பம் நட்ட வருடம் எங்கள் மேற்கு வரப்பில் இடுப்பளவு இருந்த தென்னங்கன்றுகள் இப்போது காய்க்கின்றன. மரத்துக்குப் பின்னால் காற்று கலங்குவது அதன் உயரத்தைப் போல இருபது மடங்கு தூரத்துக்குப் போகும், மேலே இரண்டு மடங்கு உயரம் வரைக்கும் எட்டும். நூறு மீட்டர் சுற்றளவில் இருக்கும் எதைவிடவும் இறக்கை பத்து மீட்டர் மேலே இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. கலங்கின காற்றில் தலை ஓயாமல் திரும்பும், சத்தம் போடும், ஆம்ப்ஸ் ஏறாது, கீழே எதைச் சோதித்தாலும் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். எங்கள் தென்னை இப்போது 8 மீட்டர். வருகிற மாசியில் 6 மீட்டர் பைப் ஒன்று சேர்த்துக் கம்பத்தை உயர்த்தப் போகிறோம், அதற்கு ஸ்டே கம்பியில் இன்னொரு அடுக்கும், தள்ளி நான்கு புது ஆங்கர் குழியும் வேண்டும். குழி வெட்டியாயிற்று.